மூவர் சொல் ஒத்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஒற்றாடல் அதிகாரத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படி மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது 589வது குறள். வழி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பெரிய பெரிய உளவுத்துறைகள் ஏன் ஏமாந்துபோகின்றன? மூவர் போதாதா, முப்பது பேர் வேண்டுமா? உண்மையில் நடந்த ஒன்றை வைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

முப்பது பேர் இருந்தாலும் ஏமாறலாம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், அதாவது ஹாலந்தில், அதுதான் நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒற்றர்கள் அங்கே பிடிபட்டார்கள். லண்டனுக்கு நீண்ட காலம் அது தெரியவே இல்லை.

ஹூப் லாவர்ஸ் என்ற டச்சுக்காரரை பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு ரேடியோவோடு அனுப்பியிருந்தது. 1942 மார்ச் 6 அன்று ஹேக் நகரில் அவர் பிடிபட்டார். ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான அப்வேரின் அதிகாரி ஹெர்மன் கிஸ்கஸ் அவரை அதே ரேடியோவில் லண்டனோடு பேச வைத்தார். லாவர்ஸ் பயப்படாமல் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. செய்தியின் ஒவ்வொரு பதினாறாவது எழுத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும், அந்தப் பிழை இல்லாவிட்டால் ஆள் எதிரியின் கையில் இருக்கிறார் என்று பொருள். இதுதான் அவருக்குச் சொல்லி அனுப்பப்பட்ட அடையாளக் குறி. ஜெர்மானியர்கள் கேட்டபோது, ‘ஸ்டாப்’ என்ற சொல்லைத் தப்பாக எழுதுவதுதான் குறி என்று பொய் சொல்லிவிட்டு, உண்மைக் குறியை விட்டுவிட்டே செய்தி அனுப்பினார்.

லண்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே அடுத்த ஆளைப் பாராசூட்டில் இறக்கியது. கீழே வரவேற்கக் காத்திருந்தவர்கள் கிஸ்கஸின் ஆட்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள், ஆயுதப் பெட்டிகள், புதிய ரேடியோக்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு ரேடியோவிலிருந்தும் லண்டனுக்குச் செய்தி போனது. எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாக ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? எல்லாம் கிஸ்கஸின் ஒரே அறையில் தயாரானவை.

நீங்கள் கேட்டதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஆட்கள் வேறுவேறாக இருந்தால் மட்டும் போதாது, செய்தி வரும் பாதைகளும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்று தப்பிக்க வேண்டும். லண்டன் புது ஆட்களை ஏற்கெனவே அங்கே இருப்பதாக நம்பிய ஆட்களிடமே இறக்கியது. அதனால் முதல் ஆள் விழுந்ததும் மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள்.

எஸ்.ஓ.இ.யில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. சங்கேதப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞர். பிரான்சிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வரும் செய்திகளில் பிழைகள் மலிந்திருக்கும். ஒளிந்துகொண்டு, உயிர்பயத்தில், அவசர அவசரமாகச் சங்கேதம் எழுதுகிறவன் தப்புச் செய்யாமல் இருக்க மாட்டான். ஹாலந்து ஆட்கள் மட்டும் பிழையே செய்வதில்லை. இதை அவர் மேலிடத்தில் எடுத்துச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. தகவலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எப்படிப்பட்ட சூழ்நிலையில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்தவர் அவர். இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் குணம் இது.

மேலிடம் ஏன் கேட்கவில்லை? ஹாலந்து வலையமைப்பு அவர்கள் கட்டியது. அது செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அனுப்பிய ஒவ்வொரு ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லையா, ரேடியோ அலைவரிசை சரியில்லை. மறுபடியும் இல்லையா, பையன் மறந்திருப்பான். இப்படி ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு சமாதானம் கிடைத்துக்கொண்டே இருந்தது. 1943 ஆகஸ்டில் டௌர்லைன், உபிங்க் என்ற இரண்டு கைதிகள் ஹாரன் சிறையிலிருந்து தப்பி, ஸ்விட்சர்லாந்து போய் நடந்ததைச் சொன்னார்கள். கிஸ்கஸ் உடனே தன் கையிலிருந்த ரேடியோ வழியாக, அந்த இருவரும் ஜெர்மனிக்கு விலைபோய்விட்டார்கள் என்று செய்தி அனுப்பினார். அவர்கள் லண்டன் வந்து சேர்ந்தபோது பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள். பிடிபட்டிருந்த மற்றவர்களில் பெரும்பாலானவர்கள் 1944 செப்டம்பரில் மவுத்தவுசன் என்ற நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது, அதே காலத்தில் அதே பிரிட்டன் அதே வேலையை ஜெர்மனிக்கு எதிராகச் செய்துகொண்டிருந்தது என்பதுதான். ஜெர்மனியின் ஒற்றராக நடித்து பிரிட்டனுக்கு வேலை செய்த ஹுவான் புஜோல் கார்சியா என்ற ஸ்பானியர், இல்லாத 27 துணை ஒற்றர்களின் பெயரில் ஜெர்மனிக்குத் தகவல் அனுப்பினார். நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியிருந்த நேரம், 1944 ஜூன் 9 அன்று, நார்மண்டி வெறும் திசைதிருப்பல், பெரிய தாக்குதல் அதே பிரான்சின் கலே பக்கம்தான் என்று எழுதினார். ஜெர்மனி நம்பியது. அதன் 15வது படையின் பெரும்பகுதி பல வாரம் கலே பகுதியிலேயே காத்துக் கிடந்தது.

இதை நடத்திய எம்.ஐ.5 என்ற பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்புக்கு ஒரு வசதி இருந்தது. 1941 டிசம்பர் முதல் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில், எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தில் அப்வேர் அனுப்பிய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பொய்யை அனுப்பிவிட்டு, அது எடுபட்டதா என்று எதிரியின் சொந்தச் செய்திப் போக்குவரத்திலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது. ஒற்றர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத, எதிரிக்கே தெரியாத ஒரு பாதை அது. ஹாலந்து விஷயத்தில் எஸ்.ஓ.இ.க்கு அப்படி ஒன்று இல்லை. மார்க்ஸின் சந்தேகம் மட்டும் இருந்தது.

589க்கு முந்தைய குறளையும் சேர்த்துப் படியுங்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சோதித்துக்கொள் என்கிறது அது. அந்த இன்னொருவனை யார் அனுப்புவது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். முதல் ஒற்றனை அனுப்பியவரே சோதனையையும் நடத்தக் கூடாது. ஒரு வலையமைப்பு உயிரோடு இருக்கிறதா என்று முடிவு செய்யும் அதிகாரம், அது செத்துப்போனால் எந்த நஷ்டமும் இல்லாத ஒருவரிடம் இருக்க வேண்டும். மார்க்ஸிடம் அந்த அதிகாரம் இருந்திருந்தால், பின்னால் இறங்கியவர்களில் பலரை அனுப்பியே இருக்க மாட்டார்கள்.