ஆழ்கடல் தூண்டில் பயணம்: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் கீழக்கரையிலிருந்து ஆழ்கடல் தூண்டில் பயணம் போகலாம் என்றிருக்கிறோம். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மதியம் கரை திரும்புவது. படகுக்கு 72,000 ரூபாய். பாதியை இப்போதே அனுப்பச் சொல்கிறார்கள். ஜூலை கடைசியில் தேதி. 'எட்டு வகை மீன் உத்தரவாதம்' என்கிறது விளம்பரம். நம்பிக் கட்டலாமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். ஜூலையில் மன்னார் வளைகுடாவில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்து அடிக்கும். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அந்த மாதத்தில் காற்றைப் பார்த்துத்தான் தொழிலுக்கு இறங்குகிறார்கள். வடகிழக்கு வாடைக்காற்று அடங்கிய பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கடல் பொதுவாகச் சாந்தமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகில் கூட்டிப்போகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மீனுக்கு உத்தரவாதம் தர எவராலும் முடியாது. ஆனால் பல வகை கிடைப்பதற்கான வழியை எழுதி வாங்கலாம். களவாவும் விளைமீனும் 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத் திட்டை ஒட்டி அடியில் கிடப்பவை. பாறை மீன் பாரின் ஓரத்தில் இரை தேடி வரும். நெய்மீனை ஓடுகிற படகில் இரையை இழுத்துப் பிடிப்பது வழக்கம். சூரைக்கு இன்னும் வெளியே, நல்ல ஆழத்துக்குப் போக வேண்டும். ஆக, வகை கூட வேண்டுமானால் படகு இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டீசல் செலவு. அதை மிச்சம் பிடிக்க ஒரே பாரில் நங்கூரம் போட்டு இரவைக் கழித்துவிட்டால் உங்களுக்கு விளைமீன்தான் மிஞ்சும். எத்தனை இடம், எவ்வளவு தூரம் வெளியே, தூண்டில் தண்ணீரில் இருக்கும் நேரம் எவ்வளவு, டீசல் கூடினால் யார் கணக்கு என்பதெல்லாம் ரசீதிலேயே இருக்கட்டும். 'உத்தரவாதம்' என்று போட்ட விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள், பிறகு உதவும்.

தூண்டில் சாமான் அவர்களுடையது என்றால் போய்ப் பாருங்கள். ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதை இறுக்கித் தளர்த்தும் திருகை, பாதி இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுத்தால் சீராக வழுக்கி வர வேண்டும். விக்கி விக்கி வந்தால் பெரிய பாறை மீன் ஒன்று இழுத்து ஓடும்போது நரம்பு அறுந்துவிடும். நெய்மீன் பல் கத்தரி மாதிரி. கொக்கிக்கு மேலே, நரம்போடு இணைக்கும் கம்பித் துண்டான லீடர் இல்லாவிட்டால் கொக்கியோடு போய்விடும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதையும் ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று நம்பலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் படகின் தாள்கள். மீன்பிடிப் பதிவு உள்ள படகு என்பதாலேயே பயணிகளை ஏற்றலாம் என்று ஆகிவிடாது. பயணிகளை ஏற்றும் அனுமதியையும் உங்களையும் சேர்த்த காப்பீட்டையும் நேரில் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், வேலை செய்யும் வி.எச்.எஃப். வானொலித் தொடர்புக் கருவி, ஜி.பி.எஸ். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏறாதீர்கள். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிடித்த மீன் யாருக்கு என்பதையும் பேசி முடியுங்கள். நெய்மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதால் கரையில் வந்து தகராறாவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: வானிலை எச்சரிக்கையால் எங்கள் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். கொடுத்த முன்பணம் திரும்பாது, வேறு தேதிதான் தருவோம் என்கிறார்கள். ரசீதும் இல்லை, ஜிபேயில் அனுப்பினோம். (மதுரை வாசகர்)

பதில்: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது படகை எடுக்காதது சரியான முடிவு, அதற்காக அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் நடக்காத பயணத்தின் பணத்தைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் உங்களுக்குச் சான்று. தேதி போட்டு, 15 நாளில் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வேறு தேதிக்கு நீங்களாக மனமொப்பிச் சம்மதித்தால் மட்டும் அதை எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள்.

கேள்வி: இரவு ஒரு தீவில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடுவதும் பேக்கேஜில் உண்டு என்கிறார்கள். பரவாயில்லையா? (சாயல்குடி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம், தீ மூட்டினால் இன்னும் மோசம். வழக்கு உங்கள் பேரிலும்தான் வரும். இதைப் பேக்கேஜில் சேர்த்து விற்பவர் படகுத் தாள்களையும் சரியாக வைத்திருக்க மாட்டார். வேறு ஆளைப் பாருங்கள்.