கனடாவில் வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளைக் குளிர்காலம் முழுக்க நிலவறையில் வைத்துச் சாப்பிட முடியுமா?

முடியும், ஆனால் எல்லாக் காயையும் அல்ல. ரொறன்ரோப் பக்கம் பல வீடுகளில் முன்வாசலுக்குக் கீழே கொங்கிறீற் சுவரோடு ஒரு சின்ன அறை இருக்கும். கோல்ட் றூம் என்பார்கள். நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும்தான் அதற்குள் கிடக்கும். அதைக் காலி செய்தாலே போதும், புதிதாகக் குழி தோண்டத் தேவையில்லை.

முதலில் அறையின் காற்றுத் துவாரங்களைப் பாருங்கள். வெளிச்சுவரில் இரண்டு வேண்டும். குளிர்காற்று கனமானது என்பதால் ஒன்றன் வழியாக நிலத்தருகே இறங்கி, சூடான காற்றை மற்றதன் வழியாக மேலே தள்ளிவிடும். இரண்டுமே உயரத்தில் இருந்தால், ஒன்றில் பிவிசி குழாயைப் பொருத்தி நிலம் வரை இறக்கிவிடலாம். ஒக்டோபரில் அறை இன்னும் சூடாகத்தான் இருக்கும். இரவில் திறந்து பகலில் மூடி, குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்க்க வேண்டும். ஜனவரியில் வெளியே மைனஸ் 20 அடிக்கும்போது துவாரத்தை அநேகமாக மூடிவிடுங்கள். கிழங்கு ஒருமுறை உறைந்தால் அப்புறம் குழைந்து போகும். பேஸ்மென்ற் பக்கக் கதவும் வெளிவாசல் கதவு போல வெப்பம் கடத்தாததாக இருக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தின் எலிஸ்டனில் மேட்டைக் குடைந்து, கல் அடுக்கி, மேலே புல்மண் மூடிய பழைய கிழங்கு அறைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அங்கே சிலவற்றில் கதவுக்குள் இன்னொரு கதவு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கரட்டும் பீற்றூட்டும் இந்த அறைக்கென்றே விளைந்தவை. 0 முதல் 4 பாகை செல்சியஸ், 90 வீதத்துக்கு மேல் ஈரப்பதம் கிடைத்தால் கரட் நாலைந்து மாதம் முறுமுறுப்பாகவே இருக்கும். கழுவ வேண்டாம், மண்ணைக் கையால் தட்டிவிட்டால் போதும். இலையை அடியோடு முறுக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் நீரையெல்லாம் அது இழுத்துவிடும். ஒரு வாளியில் ஈர மணல் எடுங்கள். கையில் பிடித்து நசுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஓர் அடுக்கு மணல், ஓர் அடுக்கு கரட், ஒன்றோடொன்று முட்டாமல். பீற்றூட்டுக்கு மட்டும் ஓர் அங்குலத் தண்டு விட்டு வெட்டுங்கள், வால்வேரைத் தொடாதீர்கள். அதில் காயம் பட்டால் வேகும்போது சாயம் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும்.

உருளைக்கிழங்கைக் கிண்டியவுடன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. முதல் இரண்டு வாரம் 10–15 பாகையில், இருட்டில் பரப்பி வைத்தால் தோல் தடிக்கும், சிறு கீறல்களும் ஆறும். பிறகு 4–7 பாகை நல்லது. அதற்கும் கீழே போனால் மாச்சத்து சீனியாக மாறி, பொரிக்கும்போது கருகிவிடும். ஆகவே அறையில் குளிர் குறைந்த மூலை அதற்கு. வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறினால் சொலனைன் நஞ்சும் கூடியிருக்கும், ஆசைப்படாமல் எறிந்துவிடுங்கள். அப்பிள் பெட்டியை இந்த அறையில் வைக்கவே வேண்டாம். அது விடும் எத்திலீன் வாயுவால் கரட் கசந்துவிடும்.

வெங்காயம், உள்ளி, பூசணி மூன்றுக்கும் இந்த ஈரம் ஆகாது. வெங்காயத்தை யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் போலவே பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமான, குளிர்ந்த, காய்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். பூசணிக்கு 10–15 பாகை வேண்டும். பேஸ்மென்றில் சூடு அதிகம் ஏறாத மூலை சரி. சூடாக்காத விருந்தினர் அறைக் கட்டிலின் கீழேயும் வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நாம் இங்கே ஆசையாக வளர்க்கும் கத்தரி, பாகல், வெண்டி, மிளகாய்க்குத்தான் இந்த அறை சரிவராது. எல்லாம் சூட்டில் பழகிய செடிகள். 7–10 பாகைக்குக் கீழே சில நாள் இருந்தாலே தோலில் குழி விழுந்து அழுகத் தொடங்கும். அவற்றை வற்றல் போடுங்கள், மிளகாயை மோர்மிளகாய் ஆக்குங்கள், இல்லையென்றால் ஃப்ரீசர்.

வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள், அழுகல் ஒன்று கிடந்தால் பக்கத்திலுள்ளதையும் பிடித்துவிடும். மார்ச் கடைசியில் அறை சூடேறி முளை விடத் தொடங்கும். அதற்குள் மிச்சத்தைச் சமைத்து முடித்துவிடுங்கள்.