பாரிஸ் பயணம்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டாம்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். 31 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பாஸ்டில் கோட்டையையும் வெர்சாய் அரண்மனையையும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர், வரும் மே மாதம் கணவரோடு பத்து நாள் பாரிஸ் போகப் போகிறார். இருவரும் சைவம். கணவருக்குச் சர்க்கரை உண்டு. அவர் கேட்டவற்றில் மற்றவர்களுக்கும் உதவும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பயிற்சி மையம் ஒன்று "45 நாளில் சரளமான பிரெஞ்சு" என்று விளம்பரம் செய்கிறது. தினம் ஒரு மணி நேர வகுப்பு. கட்டணம் 18,000 ரூபாய். இன்றைக்கே கட்டினால் 12,000 என்கிறார்கள். சேரலாமா?

இன்றைக்குக் கட்டாதீர்கள் அம்மா. நாளைக்கும் அந்தச் சலுகை இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 45 நாள், தினம் ஒரு மணி என்றால் 45 மணி நேரம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படியான ஏ1-ஐ ஒழுங்காக முடிக்கவே நூறு மணி நேரம் அளவுக்குப் பிடிக்கும். சரளமாகப் பேசப் பல நூறு மணி நேரம் வேண்டும். 45 மணி நேரத்தில் சரளம் என்பது நடக்காத காரியம். நடக்காததை நடக்கும் என்று விளம்பரம் செய்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ரசீதும் விளம்பரத்தின் படமும் கையில் இருக்கட்டும்.

வகுப்பில் உட்கார்ந்து படிக்கத்தான் ஆசை என்றால் சென்னையிலும் புதுச்சேரியிலும் அல்லயான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. அங்கே படி படியாகச் சொல்லித்தருவார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். செலவில்லாமல் படிக்க, TV5MONDE என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி பிரெஞ்சு கற்பதற்கென்றே ஒரு தளம் நடத்துகிறது. ஏ1-லிருந்து காணொளியும் பயிற்சியும் இலவசம். பத்து நாள் பயணத்துக்கு அதில் தினம் அரை மணி நேரம், மூன்று மாதம் உட்கார்ந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் அச்சடித்த "பிரெஞ்சு பேசலாம்" மாதிரிப் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், பானத்துக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் மூன்றும் "ப்வாஸோன்"தான்! மீனில் வருவது 'பம்பரம்' என்பதன் முதல் ப. பானத்தில் வருவது அதே சொல்லின் இரண்டாவது ப. விஷத்தில் நடு எழுத்து ஸ் இல்லை, தேனீ ரீங்காரம் போல அதிரும் ஒலி. நம் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. சைவம் சாப்பிடுகிற உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எதையும் காதால் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

எதை முதலில் பழகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்", அதாவது வணக்கம், சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் கிடைக்கிற முகமே வேறு. அப்புறம் "ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்", அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

காசு மிச்சப்படுத்தும் வாக்கியம் ஒன்று உண்டு. நான் முதல் தடவை பாரிஸ் போனபோது ஒரு சிறு உணவகத்தில் தண்ணீர் கேட்டேன். கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே மூடியைத் திருகித் திறந்து வைத்தார்கள். பில்லில் அதற்கு ஆறு யூரோ. பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, "யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" என்றார். வாய் அகன்ற குடுவையில் குழாய்த் தண்ணீர் வந்தது, அதற்குக் காசில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு அதை இலவசமாகத் தருவதுதான் அங்கே முறை. சேவைக் கட்டணமும் மெனு விலையிலேயே அடக்கம். டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் "விசாவுக்கு 100 சதவீதம் கேரண்டி" என்று சொல்லி முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார்.

விசாவைத் தருவதும் மறுப்பதும் தூதரக அதிகாரிகள். எந்த ஏஜென்டும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. இப்படிச் சொல்கிறவரிடம் வேறு எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். மே மாதப் பயணத்துக்குக் கோடை விடுமுறைக் கூட்டம் மொய்க்கும். ஆகவே பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்துவிட்டால் அது திரும்பி வராது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அங்கே சொகுசு அறை, எஸ்.எம்.எஸ். என்று கூடுதலாகச் சிலவற்றைச் சொல்வார்கள்; அவை உங்கள் விருப்பம், வேண்டாம் என்று சொல்லலாம்.

விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்புகிற விதத்தில் மட்டும் ஹோட்டல் போடுங்கள். ஏஜென்ட் வழியாகத்தான் போவீர்கள் என்றால், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார் என்பதை ரூபாய்க் கணக்கில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள். பேக்கேஜ் தொகையோடு டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஓய்வூதியக்காரர்கள் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி: கணவரின் சர்க்கரையைச் சொன்னால் பயணக் காப்பீட்டு பிரீமியம் ஏறுமாம். சொல்லாமல் விட்டால் என்ன?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது விதி. ஆனால் காப்பீடு விசாவுக்காக மட்டும் எடுப்பதில்லை. ஐரோப்பாவில் நாலு நாள் மருத்துவமனையில் படுத்தால் வரும் பில் உங்கள் முழுப் பயணச் செலவையும் விழுங்கிவிடும். அந்த நேரத்தில், "சர்க்கரையை மறைத்தீர்கள்" என்று நிறுவனம் கைவிரித்தால் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். உள்ளதைச் சொல்லுங்கள். பழைய நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு தருவார்கள் என்று பாலிசியில் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். விமான டிக்கெட் போடும்போது தளமே டிக் அடித்து வைத்திருக்கும் மலிவு காப்பீட்டைப் பார்த்தால் உடனே டிக்கை எடுத்துவிடுங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பதை நம் மத்திய அரசே 2023-இல் தடை செய்திருக்கிறது.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

கேள்வி: பருப்புப்பொடி, நெய், ஊறுகாய் கொண்டு போகலாமா?

பொடி, ஊறுகாய் சரி. நெய்யும் பால்கோவாவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுக்க வேண்டாம். கவலையும் வேண்டாம்: கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பகுதிக்குப் போனால் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். அங்கே பிரெஞ்சே தேவைப்படாது.

கேள்வி: பணத்தை எப்படி எடுத்துப் போவது?

யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, கையில் கொஞ்சம் நோட்டு. சாதாரண வங்கிக் கார்டைத் தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் போகும். கடையில் இயந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக வைத்துவிடுவார்கள்.

கேள்வி: வெர்சாய்க்கு அரை நாள் சுற்றுலா என்று தனியாகப் பெரிய தொகை கேட்கிறார்கள். பாஸ்டிலும் பார்க்க வேண்டும்.

வெர்சாய்க்கு ரயிலிலேயே போகலாம். 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றினார்கள். அதன்பின் பாரிஸ் மெட்ரோவுக்கும் வெர்சாய் போகும் ரயிலுக்கும் ஒரே டிக்கெட்தான். விமான நிலையத்துக்கு மட்டும் தனி விலை. அரண்மனை டிக்கெட்டை அதன் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை. தேதி போடும்போது இதைக் கவனியுங்கள்.

பாஸ்டில் கோட்டை இப்போது இல்லை என்பது நீங்களே பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். ஆனால் பாஸ்டில் மெட்ரோ நிலையத்தில், 5-ஆம் எண் தடத்தின் நடைமேடையில், நிலையம் தோண்டும்போது 1905-இல் வெளிப்பட்ட கோட்டைச் சுவரின் கற்கள் கொஞ்சம் இருக்கின்றன. அதைப் பார்க்கத் தனி டிக்கெட் கிடையாது. மெட்ரோ டிக்கெட்டே போதும்.