தரவு அறிவியல் ஆராய்ச்சியாளரின் சாதனையை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கோவைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விருதுக் குழுவில் இருக்கும் நண்பர், விண்ணப்பதாரரின் எச்-குறியீட்டை (h-index, கட்டுரைகளும் அவை பெற்ற மேற்கோள்களும் சேர்ந்த ஓர் எண்) மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது.

2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த இக்குறியீடு 10 ஆக வேண்டுமானால், ஒருவருடைய 10 கட்டுரைகளாவது பிற ஆய்வுக் கட்டுரைகளில் தலா 10 மேற்கோள்களேனும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே இரண்டே கட்டுரைகள் எழுதி ஒரு துறையைப் புரட்டிப்போட்டவருக்கும் அது 2-ஐத் தாண்டாது. காலமும் ஒரு சிக்கல்தான்: தரவைக் கொண்டு செய்யும் புள்ளியியல் மதிப்பீட்டின் துல்லியத்துக்கு உள்ள எல்லையை வகுத்து, 1945-இல் கல்கத்தா கணிதக் கழக இதழில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் எழுதிய கட்டுரையை முன்னிறுத்தி, சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவருக்கு 2023-இல், 102 வயதில்தான் வந்தது. (அத்தனை ஆயுள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.)

தரவு அறிவியலில் கட்டுரையாகாத உழைப்பே பெரும்பங்கு. திருப்பூர் நிட்டிங் ஆலையில் நின்று, பின்னல் துணியிலுள்ள ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு ஆகியவற்றைப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் வகைப்படுத்திப் பொதுவில் வைப்பவர், அத்தரவில் கணினி மாதிரியைப் (model) பயிற்றுவித்துக் கட்டுரை எழுதுபவருக்குச் சற்றும் குறைந்தவரல்லர். ஆனால் பெயர் கட்டுரையாளருக்கே போகிறது.

எனவே விண்ணப்பத்தில் மூன்று சிறந்த பணிகளை மட்டும் கேளுங்கள். தரவுத்தொகுப்பும் மென்பொருளும் அவற்றுள் அடங்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். கூட்டுப்பணியானால் யார் எதைச் செய்தார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.