தப்லீக், தௌஹீத் ஆகிய இரண்டு இஸ்லாமிய இயக்கங்களும் மார்க்கத்தைப் புதுப்பிக்கத்தான் என்றால், ஏன் இவ்வளவு வாக்குவாதம்?

கிழக்கிலங்கையில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இந்தக் கேள்வி தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. நூற்றாண்டுதோறும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவரை இறைவன் அனுப்புவான் என்றொரு நபிமொழி (ஹதீஸ்) அபூதாவூத் தொகுப்பில் உண்டு. சரி, எதைப் புதுப்பிப்பது? அங்கேதான் பிரிகிறார்கள். 1920களில் வட இந்தியாவின் மேவாத்தில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய தப்லீக், ஆளைத் திருத்தப் பார்க்கிறது: தொழுகை, ஒழுக்கம், வீடு வீடாக அழைப்பு. சர்ச்சைகளில் இறங்காது. தௌஹீத் தரப்பு நேரே சடங்கில் கைவைக்கிறது. கந்தூரி விருந்து, நபியைப் புகழ்ந்து ஓதும் மௌலூது, இறைநேசர் அடங்கிய தர்காவில் வைக்கும் நேர்ச்சை, இவற்றுக்கெல்லாம் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் எங்கே என்று கேட்கும். வாப்பா, பாட்டன் காலத்து வழக்கத்தைத் தொட்டால் வீட்டில் சும்மா இருப்பார்களா? மூன்றாவது வழியும் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்: 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, பள்ளிக்கூடங்கள் வழியாகச் சமூகத்தை எழுப்பப் பார்த்தார். என் சாய்வு அவர் பக்கம்.