பழைய பாய்மரப் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 1970களிலும் 80களிலும் கட்டிய பைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளைப் பற்றியவை. உள்ளேயே தங்கி நெடும்பயணம் போகத் தோதான, 30 முதல் 40 அடி வரை நீளமுள்ள படகுகள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

1982இல் கட்டிய 34 அடிப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். கையிருப்பில் சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் திரை), பிரிட்ஜ் (குளிர்சாதனப் பெட்டி), சோலார் மூன்றையும் போட்டுவிட ஆசை. எதில் தொடங்கலாம்?
– பினாங்கு வாசகர்

மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். முதலில் படகு மிதக்க வேண்டும், அடுத்து பாய்மரம் நிற்க வேண்டும், பிறகு இன்ஜின் ஓட வேண்டும். பிரிட்ஜின் முறை அதற்கப்புறம்தான். பழைய படகு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பணத்தைப் போட யாருக்கும் மனசு வருவதில்லை.

படகைக் கரையேற்றியதும் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளையையும் பாருங்கள். கழிப்பறை, சிங்க், இன்ஜின் குளிர்நீர் என்று ஆறு முதல் பத்துத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உட்பக்கம் அதைத் திறந்து மூடும் ஒரு சீகாக் வால்வு. அது வெண்கலமா, பித்தளையா என்பதுதான் கேள்வி. முந்தைய உரிமையாளர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளை வால்வை மாட்டியிருந்தால், உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், வெறும் செம்புச் சல்லடைதான் மிச்சமிருக்கும். கத்தி முனையால் சுரண்டுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் உலோகம் இன்னும் உயிரோடிருக்கிறது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வு ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

புதிதாகப் போடும்போது வெண்கலம், துத்தநாகம் கரையாத டிஇசட்ஆர் பித்தளை, கண்ணாடியிழை கலந்த நைலான் இவற்றில் ஒன்றை எடுங்கள். இன்னொரு சிக்கல் மரையில். ஹல்லிலிருந்து, அதாவது படகின் உடலிலிருந்து, வரும் குழாயின் மரை நேர்மரை. உள்ளே உருண்டை சுழலும் ‘பால்’ வால்வுகள் பலவற்றின் மரை கூம்புமரை. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றுதான் பிடிக்கும். அடியில் தட்டையான பிளேஞ்ச் (அகன்ற விளிம்பு) உள்ள சீகாக்கை வாங்கி, கண்ணாடியிழைத் தகட்டின் மேல் உட்கார வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் தரம், சீகாக்கின் உள்முனையில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ சுமையை 30 விநாடி வைத்தாலும் தாங்க வேண்டும் என்கிறது. மேலே ஒரு ஆள் ஏறி நின்றால் ஆடும் சீகாக் எந்தத் தரத்திலும் சேராது.

ஹோஸுக்கு இரண்டு கிளிப் போடுங்கள். ஆனால் அடியில் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் நீளத்துக்குக் குழாய்முனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கிளிப் ஹோஸை அறுத்துவிடும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற மென்மர ஆப்பு ஒன்றை, வால்வு உடைந்தால் துளையை அடைக்க, கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் உள்ளே வரும். பெட்டியில் மணிக்கு 2000 கேலன் என்று போட்ட பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் நீரை இறைப்பது), ஏற்றமே இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 126 லிட்டர் தள்ளும். ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றமும் வளையம் வளையமான மலிவு ஹோஸும் சேர்ந்தால் அதில் பாதியை எதிர்பார்ப்பதே அதிகம்.

டெக்கில் கைப்பிடிக் கம்பங்களின் அடியில் மிதித்தால் அமுங்குகிறது. சுற்றி சிலிகான் பூசினால் போதும் என்கிறார் யார்டில் வேலை செய்பவர். சரிதானா?
– லங்காவி வாசகர்

சரியில்லை. பூசிவிட்டால் ஏற்கெனவே உள்ளே போன தண்ணீரை மூடி போட்டு வைத்ததாகிவிடும். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, எப்பாக்சிப் பிசினும் ஒட்டாது.

அந்தக் காலத்து டெக் பெரும்பாலும் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகள், நடுவில் பால்சா என்னும் லேசான மரம். கம்பத்தின் போல்ட் துளை வழியே இறங்கும் மழைநீர் பால்சாவை மக்க வைக்கிறது. முதலில் எல்லையைக் கண்டுபிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக்’ என்னும், மக்கிய இடம் ‘தொப்’ என்னும். சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு உள்கூரையிலிருந்து, மேல்தகட்டைத் தொடாமல், 5 மி.மீ. டிரில்லால் சோதனைத் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். வெளுப்பாக உலர்ந்து வந்தால் நல்ல மரம். பழுப்பாக, ஈரமாக வந்தால் போன மரம்.

போல்டைச் சுற்றி உள்ளங்கை அளவுதான் போயிருந்தால், கம்பத்தைக் கழற்றிவிட்டு, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டித் துளைக்குள் விட்டு, சுற்றிலும் 15–20 மி.மீ. தூரத்துக்குப் பால்சாவைக் கிளறி வெளியே எடுங்கள். வேக்குவம் வைத்து உறிஞ்சி, நன்றாக உலர விடுங்கள். அடித்துளையை டேப்பால் அடைத்து, முதலில் தூள் எதுவும் சேர்க்காத எப்பாக்சியை ஊற்றி மரத்தை நனையுங்கள். மிச்சத்தை ஊசியால் உறிஞ்சிவிட்டு, சிலிகாத் தூள் சேர்த்துக் குழைத்த எப்பாக்சியை நிரப்புங்கள். இறுகியபின் புதுத் துளை போட்டு, அதன் மேல்விளிம்பைக் கூம்பாகச் சீவுங்கள். அந்தப் பள்ளத்தில் பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் டேப்) வளையம் உட்கார வேண்டும். அடியில் தகடு வைத்து நட்டை மட்டும் முறுக்குங்கள். போல்டின் தலையைத் திருப்பினால் டேப் அறுந்துவிடும். ஒரே நாளில் முழுக்க இறுக்காமல், இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு இறுக்கினால் பியூட்டைல் மெல்லப் பிதுங்கி இடைவெளியை நிரப்பும்.

‘தொப்’ சத்தம் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய பரப்பில் வந்தால் இந்த வைத்தியம் போதாது. மேல்தகட்டை வெட்டித் தூக்கி, மக்கியதைச் சுரண்டி, புது பால்சாவோ பிவிசி நுரைப் பலகையோ ஒட்டி, தகட்டைத் திரும்ப வைக்க வேண்டும். இணைப்பில் 12க்கு 1 என்ற சரிவு தேவை. தகடு 4 மி.மீ. தடிமன் என்றால் சரிவு 48 மி.மீ. அகலம். வரிசையாகத் துளை போட்டு எப்பாக்சியை ஊசியால் ஏற்றும் முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஈர மரத்தில் எப்பாக்சி ஏறாது. பணமும் போகும், பால்சாவும் தொடர்ந்து மக்கும்.

உங்கள் ஊர் வெக்கைக்கு இரண்டு எச்சரிக்கை. எப்பாக்சியை இறுக வைக்கும் ஹார்டனரில் வெப்பமண்டலத்துக்கான மெதுவானதையே வாங்குங்கள். 300 மில்லியைக் கப்பில் கலந்து வைத்தால் சில நிமிடத்தில் புகைய ஆரம்பிக்கும், அகலத் தட்டில் ஊற்றிப் பயன்படுத்துங்கள். ஈரக்காற்றில் இறுகிய எப்பாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவ வேண்டும். தின்னரால் துடைத்தால் போகாது.

அனோடு ஒரு வருடமாகத் தேயவே இல்லை. நல்லதுதானே?
– கொச்சி வாசகர்

கெட்டது. மற்ற உலோகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரைவதே அனோடு என்னும் உலோகக் கட்டியின் வேலை. தேயாத அனோடு வேலை செய்யாத அனோடு. மழைக்காலத்தில் காயல் நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது துத்தநாகத்தின் மேல் கெட்டியான படலம் படர்ந்து, மறுபடி உப்பு ஏறினாலும் அது விழித்துக்கொள்ளாது. காயலில் நிற்கும் படகுக்கு அலுமினிய அனோடு மாட்டுங்கள். அதன்மேல் தப்பித்தவறியும் பெயின்ட் படக் கூடாது. மாட்டியபின் அனோடுக்கும் அது காக்க வேண்டிய உலோகத்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வையுங்கள். ஒரு ஓம்முக்குக் கீழே காட்ட வேண்டும். பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டே கம்பிகளின் வயது தெரியாது. ஆனால் கம்பி பளபளவென்று இருக்கிறது. அவற்றைப் பராமரிக்கும் ரிக்கர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். வியாபாரப் பேச்சா?
– போர்ட் டிக்சன் வாசகர்

இல்லை. துருப்பிடிக்காத எஃகு பளபளத்துக்கொண்டே அறுந்துபோகும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலான ரிக்கிங்கை, அதாவது இந்தக் கம்பிகளை, பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. வெப்பமும் உப்பும் சேர்ந்த நம் கடலில் அதில் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது. வயது தெரியாத கம்பியை வயதான கம்பி என்றே கொள்ள வேண்டும்.

நீங்களே பார்க்க: ஒரு டிஷ்யூ தாளைக் கம்பியில் சுற்றி மேலிருந்து கீழே இழுங்கள். 1×19 கம்பியில், அதாவது 19 இழை முறுக்கிய கம்பியில், ஒரு இழை அறுந்திருந்தாலும் தாள் மாட்டும். ஒரு இழை போனால் அந்தக் கம்பியும் எதிர்ப்பக்க ஜோடியும் மாற வேண்டியவை. கீழ்முனையில் அழுத்திப் பொருத்திய ஸ்வேஜ் என்னும் உலோக முனையை 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அங்கேதான் தேங்குகிறது. நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு வரும். மேல்முனையில் அவ்வளவு வராது.

கம்பியை விட நாங்கள் அஞ்சுவது, அதைப் படகோடு பிணைக்கும் தகடான செயின்பிளேட்டைத்தான். எஃகின் மேலுள்ள காப்புப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். டெக்கைத் துளைத்து இறங்கும் அந்த இரண்டு அங்குலத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலேயும் கீழேயும் கண்ணாடி போல மின்னும் தகடு, நடுவில் பாதி அரிக்கப்பட்டிருக்கும். கழற்றாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. கழற்றிச் சுத்தம் செய்து, வெல்டிங் கடைகளில் கிடைக்கும், வெடிப்பைக் காட்டும் டை பெனட்ரன்ட் மூன்று ஸ்ப்ரே வாங்குங்கள்: சுத்திகரிப்பான், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். சாயம் அடித்துப் பத்து இருபது நிமிடம் விட்டுத் துடைத்து, டெவலப்பர் அடித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாக வெளிவரும். கோடு தெரிந்தால் புதுத் தகடுதான். வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

பாய்மரத்தை இறக்காமலே ஒவ்வொரு கம்பியாக மாற்றலாம்; அந்தந்தத் திசையில் ஹேல்யார்டை (பாயை ஏற்றும் கயிறு) இழுத்துக் கட்டிக்கொண்டால் போதும். கீழ்முனைக்கு ஸ்டா-லாக் வகைத் திருகு முனை போட்டால் ஸ்பானரால் நீங்களே பொருத்தலாம், திறந்தும் பார்க்கலாம். ஒரு முறை திறந்தால் உள்ளிருக்கும் கூம்பு ஆப்பு மட்டும் புதிதாக வேண்டும். ‘பலமாக இருக்கட்டும்’ என்று ஒரு அளவு பெரிய கம்பி போடாதீர்கள். உச்சியில் எடை கூடும், ஆனால் கம்பியை மாட்டும் ஊசியும் அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் பழைய அளவிலேயே இருக்கும்.

பாய்த் துணி நன்றாக இருக்கிறது, தையல் மட்டும் விட்டுப்போகிறது.
– சென்னை வாசகர்

வெயில் நூலைத்தான் முதலில் தின்னும். விரல் நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள். அறுந்தால் எல்லா மடிப்பையும் மறுதையல் போட வேண்டும். டாக்ரான் துணிக்குள் பாலியெஸ்டர் நூல் போதும். ஆனால் சுருட்டி வைத்தபின்னும் வெளியே தெரியும் ஜெனோவாவின் (முன்பக்கப் பெரிய பாய்) வெயில்காப்புப் பட்டைக்கும், பிமினிக்கும் (நிழல்கூரைத் துணி) பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல். விலை பல மடங்கு. வெயிலால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

துறைமுகத்துக்குள் இன்ஜின் மணிக்கணக்கில் ஓடுகிறது. வெளியே அலை வந்தால் அரைமணியில் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது.
– போர்ட் கிள்ளான் வாசகர்

இன்ஜினைத் தொடாதீர்கள், டேங்கைப் பாருங்கள். அடியில் பல வருடக் கசடு படிந்திருக்கும். அலை அதைக் கலக்கிவிட, பில்டர் அடைத்துக்கொள்கிறது. டீசலுக்கு அடியில் தேங்கும் தண்ணீரின் மேல்பரப்பில்தான் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி உண்டாகிறது. மலேசியாவில் டீசலில் பாமாயில் பயோடீசல் கலந்து வருவதால் அது ஈரத்தை இன்னும் எளிதாக வாங்கிக்கொள்ளும்.

டேங்கின் மேல் கை நுழையும் அளவு திறப்பு இல்லையென்றால் ஒன்று வெட்டுங்கள். டீசலை முழுவதும் இறைத்து, சுவரைத் துடைத்து எடுங்கள். மருந்து மட்டும் ஊற்றினால் செத்த சளி கூட்டமாக வந்து பில்டரை அடைக்கும். தண்ணீர் பிரிக்கும் முதல் பில்டரில் 10 மைக்ரான் போட்டு, அதற்கும் இன்ஜினுக்கும் இடையே ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். முள் ஏற ஏற பில்டர் அடைவது தெரியும். உபரி பில்டர் குறைந்தது ஆறு இருக்கட்டும். மாற்றியபின் காற்று வெளியேற்றும் திருகுகளை வரிசையாகத் திறந்து பழகுவதைத் துறையில் கட்டியிருக்கும்போதே செய்துவிடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாப்ட் வெளியேறும் இடத்தில் சொட்டுகிறது. இறுக்கலாமா?
– திருகோணமலை வாசகர்

ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் ஷாப்டைக் குளிர்விக்கிறது. ஷாப்ட் நின்றபின் சொட்டும் நிற்க வேண்டும். அதிகம் சொட்டினால் கால் சுற்று இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டி, ஷாப்டைச் சுற்றியுள்ள அடைப்பான கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் தளர்த்துங்கள். இறுக்கியும் நிற்காவிட்டால் உள்ளே திணித்த பேக்கிங் கயிறு தீர்ந்துவிட்டது. பழைய வளையங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிடிஎஃப்இ ஊறிய ஃப்ளாக்ஸ் (ஆளி நார்) கயிற்றில் மூன்று தனி வளையம் வெட்டி, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரே கயிற்றைச் சுருளாகச் சுற்றினால் தண்ணீர் அதே சுருள்வழியில் வந்துவிடும். கிராபைட் பேக்கிங் வேண்டாம், ஷாப்டை அரிக்கும்.

ஈயப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியம் வைத்தால் போதுமா?
– சிங்கப்பூர் வாசகர்

போதாது. லித்தியம் கேட்கும் மின்னோட்டத்துக்கு ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் நெடுநேரம் ஓடும். குறைந்த வேகத்தில் விசிறிக் காற்றும் போதாமல் வெந்துவிடும். பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் வோல்டேஜ் துள்ளி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட்டிங்குக்கான ஈயப் பேட்டரியோடு விட்டுவிட்டு, அங்கிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குக் கொடுங்கள். பேட்டரி முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் கிளாஸ்-டி (Class T) ப்யூஸ். ஷார்ட் ஆனால் பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சாதாரண ப்யூஸ் துண்டிக்காது. கரைமின் சார்ஜரில் ஈக்வலைசேஷனை (ஈயப் பேட்டரிக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) அணைத்து, 14.2–14.4 வோல்ட்டில் வையுங்கள்.

கணக்கு இப்படி: நம் வெக்கையில் சின்ன பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி குடிக்கும். 100 வாட் பேனல் நிழல்படாமல் இருந்தால் 25–30 கொடுக்கும். பூமின் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பம்) நிழல் ஓரத்தில் விழுந்தாலே அது சரிந்துவிடும். ஆகவே 300 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள். அதற்கு முன் பிரிட்ஜ் பெட்டியின் சுவரில் 10 செ.மீ. நுரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேனலுக்கு வைத்த பணத்தில் முதலில் நுரை வாங்குங்கள்.