தம்பியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்கலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தம்பி, வேலை போனதிலிருந்து "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்கிறான். கேட்டால் நாமே தூண்டிவிட்டதாகுமோ என்று பயப்படுகிறீர்கள்.

கேளுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. பல பேருக்கு மனம் லேசாகும். தூக்கமின்மை, குடி கூடுவது, பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவது எல்லாம் அறிகுறிகள். நெடுநாள் சோர்ந்திருந்தவர் திடீரென அமைதியானால் இன்னும் கவனம். வீட்டார் அசந்துவிடுவது அப்போதுதான்.

காவடி எடுத்தால் சரியாகும் என்பார்கள். எடுக்கட்டும், டாக்டரையும் பார்க்கட்டும்.

சாகத் தோணுதா என்று கேட்டதற்குத் தம்பி ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் 0800 567 567 தற்கொலைத் தடுப்பு உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். நீங்களும் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 10177.